சென்னையில் மனிதத் தொடர்பியல் படிக்க: பிளஸ் டூ முதல் ஆய்வேடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில், "கம்யூனிகேஷன் படிக்கப் போகிறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், சென்னை வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பொருள்கள்தான் நினைவுக்கு வரும்: ஒன்று கேமரா, மற்றொன்று செய்தி வாசிப்பவரின் மேசை. இரண்டும் இந்தத் துறைக்கு உரியவையே. ஆனால் ஒருவர் இன்னொருவரிடம் பேசும்போது உண்மையில் என்ன நடக்கிறது, சில பேச்சு ஏன் பாதியில் முறிகிறது, மௌனம் எப்போது சம்மதமாகவும் எப்போது மறுப்பாகவும் கொள்ளப்படுகிறது என்பவற்றை முறையாக ஆராயும் படிப்பும் இதற்குள் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதையே இங்கே மனிதத் தொடர்பியல் என்று குறிப்பிடுகிறேன். இந்தப் பெயர் தாங்கிய பட்டத்தைத் தேடி அலைவதைவிட, இங்குள்ள பட்டப்படிப்புகளுக்குள் இந்தப் பாடத்தைக் கண்டெடுத்துப் படிப்பதே நடைமுறைக்கு உகந்தது. அதற்கான படிகளை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் படி: பாடத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ளுதல்

அமெரிக்காவில் இந்தத் துறை மேடைப் பேச்சிலிருந்து பிறந்தது. 1914இல் ஆங்கில ஆசிரியர்களின் அமைப்பிலிருந்து 17 பேச்சுக்கலை ஆசிரியர்கள் பிரிந்து வந்து தங்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டார்கள். அதன் வழிவந்த துறைகளில் இருவருக்கிடையிலான பேச்சு, சிறுகுழுப் பேச்சு, நிறுவனங்களுக்குள் நடக்கும் பேச்சு, பண்பாடுகளுக்கு இடையிலான பேச்சு ஆகியவை தனித்தனிப் பாடங்களாக வளர்ந்தன. இந்தியாவுக்கு இத்துறை வேறு வாசல் வழியாக வந்தது. 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பி. பி. சிங் தொடங்கியது இதழியல் துறை. 1965இல் டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் அமைந்ததும் செய்தி, வானொலி, வளர்ச்சித் திட்டப் பரப்புரை ஆகியவற்றை மனத்தில் கொண்டுதான். ஆகவே நம் ஊரில் தொடர்பியல் என்றால் முதலில் ஊடகம், பிறகுதான் மனிதர் என்ற வரிசை நிலைபெற்றுவிட்டது. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், விண்ணப்பிக்கும் கல்லூரியின் பாடத்திட்டத்தில் நீங்கள் தேடுவது முதல் பக்கத்தில் இல்லாமல் மூன்றாம் பருவத்து விருப்பப் பாடமாக ஏன் ஒதுங்கியிருக்கிறது என்பது புரியும்.

இரண்டாம் படி: கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் இதழியல் மற்றும் தொடர்பியல் துறை இருக்கிறது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஊடக அறிவியல் துறை இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரியில் தொடங்கிய 90.4 அண்ணா எஃப்.எம்., இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரி போன்றவற்றில் காட்சித் தொடர்பியலும் அதையொட்டிய படிப்புகளும் உண்டு. விஸ்காம் என்று நாம் சுருக்கிச் சொல்லும் காட்சித் தொடர்பியல், பெரிதும் படைப்பும் தயாரிப்பும் சார்ந்தது; ஒளிப்பதிவிலும் வடிவமைப்பிலும் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது மிகச் சிறந்த படிப்பு, ஆனால் பேச்சை ஆராய விரும்புகிறவர் அதில் சேர்ந்துவிட்டு ஏமாற்றம் அடைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனவே கல்லூரியின் பெயரைப் பார்க்கும் முன் பாடத்திட்டத்தைப் பதிவிறக்கம் செய்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள். தனிமனிதர்களுக்கு இடையிலான தொடர்பு என்று ஒரு முழுத் தாள் இருக்கிறதா, ஆய்வு முறையியல் ஒரு பருவத்துக்காவது கட்டாயப் பாடமாக இருக்கிறதா, இறுதிப் பருவத்தில் குறும்படத்துக்கு மாற்றாக ஆய்வேடு எழுத அனுமதி உண்டா என்று பாருங்கள். மூன்றில் இரண்டு இருந்தால் சேரலாம். மூன்றும் இல்லாவிட்டால், இளங்கலையில் உளவியல், சமூகவியல், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றில் ஒன்றைப் படித்துவிட்டு முதுகலையில் தொடர்பியலுக்கு வருவது மேலானது என்பது என் உறுதியான கருத்து. மொழியை அல்லது மனத்தை மூன்று ஆண்டுகள் ஊன்றிப் படித்தவருக்கு இந்தத் துறையில் வேர் பிடிப்பது எளிது.

விண்ணப்பிக்கும் முறையில் பெரிய சிக்கல் இல்லை. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு டிஎன்காசா இணையதளம் வழியாகவும், மற்ற கல்லூரிகளுக்கு அவரவர் தளத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். ஹைதராபாத், புதுச்சேரி, திருவாரூர் ஆகிய இடங்களிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களையும் மனத்தில் வைத்திருப்பவர்கள் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வின் அறிவிப்பைத் தவறவிடக் கூடாது.

மூன்றாம் படி: முதல் ஆண்டு வாசிப்பு

முதல் ஆண்டிலேயே கிளாட் ஷானனின் வரைபடத்தைப் பார்ப்பீர்கள்: அனுப்புபவர், குறியாக்கம், வழி, இரைச்சல், பெறுபவர். 1948இல் பெல் ஆய்வகத்தில் அவர் ஆராய்ந்தது, தொலைபேசி போன்ற வழிகளில் குறிப்பு பிழையில்லாமல் போய்ச் சேருவது எப்படி என்ற பொறியியல் கேள்வியை. பொருள் என்பது தம் சிக்கலுக்குத் தொடர்பற்றது என்று அவரே எழுதியிருக்கிறார். அதை மனிதப் பேச்சின் வரைபடமாக மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். வரைபடத்தைப் படியுங்கள், அதன் எல்லையையும் சேர்த்துப் படியுங்கள்.

அடுத்து, 1940 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் நடத்திய ஆய்வு. வானொலியும் செய்தித்தாளும் வாக்காளரை நேராகத் திருப்பிவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, அக்கம்பக்கத்தில் விவரம் தெரிந்தவர் என்று மதிக்கப்படுகிறவரின் பேச்சே அதிகம் எடுபட்டது. தெருமுனை டீக்கடையில் பத்திரிகையை வாய்விட்டு வாசித்து விளக்குபவரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. பிறகு, நேருக்கு நேர் பழகுவதை ஆராய்ந்த சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், சொல்லாமல் உணர்த்தப்படும் பொருளை ஆராய்ந்த தத்துவவியலாளர் பால் கிரைஸ், உரையாடல் பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஹார்வி சாக்ஸ் என்ற வரிசையில் போகலாம்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே அவசியம். "தகவலில் 7 சதவீதம்தான் சொல், 38 சதவீதம் குரல், 55 சதவீதம் முகபாவம்" என்று ஆளுமைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து எடுத்துக் கோத்த எண்கள் அவை. தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் பேசிப் பதிவுசெய்து, ஓர் ஆய்வில் முகப் புகைப்படங்களோடும் சேர்த்துக் காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். உணர்ச்சியையும் விருப்பு வெறுப்பையும் வெளிப்படுத்தும் பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அவரே பின்னர் தெளிவுபடுத்தினார். சொல்லுக்கு 7 சதவீதம்தான் பங்கு என்பது உண்மையானால், தெரியாத மொழியில் ஒருவர் வழி சொன்னாலும் நாம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மூலக் கட்டுரையைத் தேடிப் படிக்கும் பழக்கம் இந்த ஓர் எடுத்துக்காட்டிலிருந்தே தொடங்கட்டும்.

தமிழில் படித்தவர்களுக்கு இத்துறையில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு முன்னிலை உண்டு. பள்ளியில் நன்னூல் வழியாக எண்வகை விடை படித்திருப்போம். "நீ விளையாடவில்லையா?" என்ற கேள்விக்குக் "கால் வலிக்கிறது" என்பது உற்றது உரைத்தல், "கால் வலிக்கும்" என்பது உறுவது கூறல். இரண்டிலும் "இல்லை" என்ற சொல்லே வரவில்லை, ஆனாலும் கேட்டவருக்கு விடை கிடைத்துவிடுகிறது. சொல்லாததைக் கேட்பவர் எப்படி ஊகித்துக்கொள்கிறார் என்பதைத்தான் பால் கிரைஸ் 1975இல் வெளிவந்த கட்டுரையில் கோட்பாடாக விளக்கினார். "வினாவும் செப்பே வினா எதிர் வரினே" என்று, கேள்விக்கு எதிராக வரும் கேள்வியும் விடையே என்பதைத் தொல்காப்பியம் எப்போதோ வகுத்துவிட்டது. பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. கையில் இருக்கும் கருவியைப் பயன்படுத்தாமல் போகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான்காம் படி: பேச்சைப் பதிவுசெய்து எழுதிப் பார்த்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

முதுகலை ஆய்வேட்டுக்காக நான் குடும்பப் பேச்சைப் பற்றி வினாத்தாள் ஒன்றைத் தயாரித்து வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில், "மனைவியுடன் தினமும் மனம்விட்டுப் பேசுவேன்" என்ற வாக்கியத்துக்கு எதிரே அந்த வீட்டுக்காரர் டிக் அடித்துக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் சமையலறையிலிருந்து அவர் மனைவி, "கேஸ் புக் பண்ணியாச்சா?" என்று இரண்டு முறை கேட்டார், இவர் நிமிரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. தாம் பேசுவதாக நம்புவதை எழுதினார், அவ்வளவுதான். பேச்சைப் பற்றி மனிதர்கள் சொல்வதும் பேச்சும் ஒன்றல்ல என்பது அன்று எனக்கு விளங்கியது. அந்த வினாத்தாள்களை வைத்து ஆய்வேட்டை முடித்தேன். ஆனால் அந்த ஆண்டில் நான் உண்மையில் கற்றுக்கொண்டது அந்தச் சமையலறைக் கேள்வியிலிருந்துதான்.

இனி பயிற்சி. வீட்டில் உள்ளவர்களின் சம்மதத்துடன் பத்து நிமிடப் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அதில் ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து, கேட்டபடியே, பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். இடைவெளிகளை நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து குறியுங்கள். கெயில் ஜெஃபர்சன் உருவாக்கிய குறியீட்டு முறை உலகெங்கும் இதற்குப் பயன்படுகிறது. நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய ஈலான் என்ற மென்பொருள் இலவசம், தமிழ் எழுத்தையும் ஏற்கும். ஒரு நிமிடப் பேச்சுக்கு முதல் தடவை ஒரு மணி நேரம் பிடித்தாலும் கவலைப்பட வேண்டாம்.

வகுப்பில் நான் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தும் நான்கு வரிகள் இவை. தாம்பரம் சானடோரியத்தில் வீடு. மகள் கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயிலில் இருக்கிறாள். மணி இரவு எட்டு. அடைப்புக்குறிக்குள் இருப்பவை நொடிக் கணக்கில் இடைவெளிகள்.

அம்மா: எங்கடி இருக்க?
(0.7)
மகள்: கிண்டி தாண்டிட்டேன்மா.
அம்மா: அப்ப கல்லப் போடவா?
(0.5)
மகள்: குரோம்பேட்டை வரட்டுமே.

அம்மா கேட்டது இடம். மகள் சொன்னதும் இடம். ஆனால் இருவரும் கணக்குப் போடுவது நேரத்தை. "ரயிலில்", "கூட்டத்தில்", "உட்கார இடம் கிடைத்துவிட்டது" என்று மகள் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கலாம். எல்லாமே உண்மையாகவும் இருந்திருக்கும். கிண்டியைச் சொன்னது, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம் என்று மீதி நிலையங்களின் வரிசை அம்மாவுக்குத் தெரியும் என்பதால்தான். ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் அத்தை போனை எடுத்திருந்தால் "இன்னும் அரை மணி நேரம் ஆகும் அத்தை" என்றுதான் விடை வந்திருக்கும். யாரிடம் எந்த இடப்பெயரைச் சொல்கிறோம் என்பதில் இருக்கும் இந்த நுட்பத்தைப் பற்றி இமானுவேல் ஷெக்லாஃப் 1972இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்.

மூன்றாவது வரி இன்னும் முக்கியமானது. கிண்டி என்ற சொல்லை அம்மா எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்குத் தனிச் சான்று தேட வேண்டியதில்லை; தோசைக்கல்லைப் பற்றிய கேள்வியே சான்று. ஒரு பேச்சின் பொருளை ஆய்வாளர் தம் மனத்திலிருந்து வரவழைக்காமல், அடுத்தவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதிலிருந்து காட்ட வேண்டும் என்பது உரையாடல் பகுப்பாய்வின் அடிப்படை விதி. கடைசி வரியில் மறுப்பு இருக்கிறது, "வேண்டாம்" இல்லை. அரை நொடித் தயக்கமும் "வரட்டுமே" என்பதில் உள்ள ஏகாரமும் அந்த மறுப்பை மென்மையாக்குகின்றன. நன்னூலின் எட்டு விடைகளில் இது எந்த வகை என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடும். அந்த வாதம் முடியாமலேயே மணி அடித்துவிடும்.

பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, கேள்வி முடிந்து விடை தொடங்குவதற்குச் சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறது என்றும், "ஆம்" என்பதைவிட "இல்லை" தாமதமாகவே வருகிறது என்றும் காட்டியது. அந்தப் பத்தில் தமிழ் இல்லை. சென்னையில் படிக்கும் ஒருவர் கைபேசியையும் பொறுமையையும் மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கக்கூடிய வேலை அது.

ஐந்தாம் படி: சம்மதம் பெறுதல்

பதிவு செய்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். பேசுகிற எல்லோரிடமும், தொலைபேசியானால் இரு முனையிலும், முன்னதாகவே சம்மதம் வாங்க வேண்டும். எதற்காக, எவ்வளவு காலம், யார் கேட்பார்கள் என்பதைத் தமிழில், படித்துக் காட்டி விளக்கி, கையெழுத்தோ பதிவான வாய்மொழிச் சம்மதமோ பெற வேண்டும். "வேண்டாம், அழித்துவிடுங்கள்" என்று பிறகு சொன்னால் அழித்துவிட வேண்டும். மருத்துவமனையில் நோயாளியும் மருத்துவரும் பேசுவதை ஆராய்வதாக இருந்தால், அந்த நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் கருவியை எடுக்கவே கூடாது. அந்த அனுமதிக்குச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால் முந்தைய பருவத்திலேயே விண்ணப்பியுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளில் சமூக, நடத்தை அறிவியல் ஆய்வுகளுக்கும் தனிப் பகுதி உண்டு. அதை ஒருமுறை முழுதாக வாசியுங்கள்.

பெயர்களை மாற்றிவிட்டால் போதும் என்று சொல்வார்கள். மேலே காட்டிய நான்கு வரிகளில் கிண்டியை மாற்றினால் ஆய்வே நிலைக்காது. இப்படி இடப்பெயர் தேவைப்படும் இடங்களில், அதைக் குறிப்பாகச் சொல்லித் தனியாக அனுமதி பெற வேண்டும்.

ஆறாம் படி: ஆய்வுப் பொருளைத் தேர்ந்தெடுத்தல்

"இளைஞர்கள் மீது சமூக ஊடகத்தின் தாக்கம்" என்ற தலைப்பை எடுக்காதீர்கள். ஒரே பருவத்தில் விடை காண முடியாத அளவுக்கு அது பரந்தது, ஏற்கெனவே தேய்ந்தும் போனது. ஓர் இடம், ஒரு வகைப் பேச்சு, ஒரு கேள்வி என்று சுருக்குங்கள். ரேஷன் கடை வரிசையில் "இன்னிக்கு சர்க்கரை இல்ல" என்ற செய்தி எப்படிச் சொல்லப்படுகிறது, ஆட்டோ பேரத்தில் முதல் தொகையை யார் சொல்கிறார், புறநோயாளிப் பிரிவில் "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்ற கேள்விக்கு உண்மையான விடை எத்தனையாவது முறையில் வெளிவருகிறது. இவை ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டைத் தாங்கும்.

நீ, நீங்க, வாங்க, வாடா என்ற தேர்வுகள் இன்னொரு வளமான களம். பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் பணிவுப் பேச்சைப் பற்றி 1978இல் வகுத்த கோட்பாடு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது; அதற்கு அடிப்படையான மூன்று மொழிகளில் ஒன்று தமிழ், கோவைப் பகுதிக் கிராமத்தில் திரட்டியது. சாதியும் வயதும் உறவும் அங்கே விளிச்சொல்லை எப்படி நிர்ணயித்தன என்பதைப் படித்துவிட்டு, இன்றைய பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர் அதே வாக்கியத்தை "பண்ணிட்டீங்களா" என்று முடிப்பதைக் கவனித்தால், கேள்வி தானாகவே எழும். மேடைத் தமிழில் ஆர்வம் உள்ளவர்கள், அரசியல் சொற்பொழிவு நம் ஊரில் எப்படி உருவானது என்று ஆராய்ந்த பெர்னார்ட் பேட்டின் எழுத்துகளிலிருந்து தொடங்கலாம்.

நூலகங்களைப் பொறுத்தவரை சென்னையில் குறையே இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் பாடநூல்களுக்கும் நீண்ட நேரம் உட்கார்ந்து படிப்பதற்கும் ஏற்றது. எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. பழைய இதழ்கள், துண்டு வெளியீடுகள் வழியாக முந்தைய தலைமுறையின் தொடர்பு முறைகளை ஆராய நினைத்தால் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போங்கள். எதைத் தேடுகிறீர்கள் என்பதை எழுதிக்கொண்டு போனால் அங்கே உள்ளவர்களின் உதவி முழுமையாகக் கிடைக்கும்.

ஏழாம் படி: எண்களும் எழுத்தும்

புள்ளியியலைக் கண்டு ஒதுங்க வேண்டாம். சராசரி, பரவல், கை-வர்க்கச் (chi-square) சோதனை, இருவர் ஒரே பதிவைத் தனித்தனியே வகைப்படுத்தும்போது எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கோஹென் காப்பா ஆகியவை முதுகலைக்குப் போதும். ஆர் என்ற இலவச மென்பொருளிலேயே எல்லாவற்றையும் செய்துவிடலாம்.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தாலும் பேச்சுப் பதிவைத் தமிழ் எழுத்திலேயே முதல் வரியாகக் கொடுத்து, கீழே சொல்லுக்குச் சொல் விளக்கமும், அதன் கீழ் மொழிபெயர்ப்பும் கொடுங்கள். மொழிபெயர்ப்பை மட்டும் கொடுத்தால் "வரட்டுமே" என்பதிலுள்ள ஏகாரம் காணாமல் போய்விடும். அது போன பிறகு அந்த வரியில் ஆராய என்ன மிஞ்சும்?

எட்டாம் படி: படிப்புக்குப் பிறகு

ஆசிரியப் பணிக்கும் ஆராய்ச்சிக்கும் விரும்புகிறவர்கள் யுஜிசி நெட் தேர்வில் மக்கள் தொடர்பு மற்றும் இதழியல் என்ற பாடத்தை எடுக்க வேண்டும். அதன் குறியீட்டு எண் 63. இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. வேலைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு மருத்துவமனைகளின் நோயாளர் சேவைப் பிரிவு, பொது சுகாதாரத் திட்டங்கள், மென்பொருள் நிறுவனங்களின் பயனர் ஆய்வுப் பிரிவு, தொண்டு நிறுவனங்களின் கள ஆய்வு ஆகியவை பொருத்தமானவை. நேர்காணலுக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு, நீங்களே எழுதிப் பகுத்த இரண்டு பக்க உரையாடல் பதிவு ஒன்றையும், அதில் உள்ளவர்களின் அனுமதியோடு, அடையாளங்களை நீக்கி, எடுத்துச் செல்லுங்கள்.

ஆய்வேடு ஏற்கப்பட்ட பிறகு ஒரு வேலை மீதம் இருக்கிறது. யாருடைய பேச்சைப் பதிவு செய்தீர்களோ அவர்களிடம் போய், என்ன கண்டீர்கள் என்பதை அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்லிவிட்டு வாருங்கள். நான் அந்த நான்கு வரிகளை அந்த அம்மாவிடம் காட்டியபோது அவர் இரண்டு முறை வாசித்துவிட்டு, "குரோம்பேட்டைன்னு சொன்னா அவளுக்கு இன்னும் பசிக்கலன்னு அர்த்தம்" என்றார். அது என் பகுப்பாய்வில் இல்லை. அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பாகச் சேர்த்தேன்.